நூலில் கட்டிய மிளகாய்

வாசலில் அடுப்பை வைத்து நான் திராட்சை காய்ச்சுவது உங்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரியும். காலையில் நடக்கப் போகிற மைதானத்தில் என் காதுபடவே பேச்சு நடந்தது. முப்பது வருஷம் ஒரே ஷெட்டில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்தவர்கள் நாம். உங்கள் குரல் எனக்கு முதுகுக்குப் பின்னாலும் அடையாளம் தெரியும்.

"பையன் குடிய வுட்டான், சந்தோஷம். அதுக்குன்னு தெனம் சாயங்காலம் தெருவே பாக்கற மாதிரி அடுப்பு மூட்டணுமா? உள்ளாற வெச்சு கதவ சாத்திக்கினு பண்ணா ஆவாதா?" என்றாள் ஒருத்தி.

"அவனுக்குத்தானே கேவலம்" என்றாள் இன்னொருத்தி.

ஆகாது. ஏன் ஆகாது என்று அங்கேயே நின்று சொல்ல மூச்சு இல்லை. முட்டி வலி வேறு. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

எனக்கு அப்போது பத்து வயசு. இதே ஆம்பூர்தான். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், மாதா கோயில் இல்லை, எங்கள் சபைக் கோயில், அதற்குப் போகிற தெருவில் நாலாவது வீடு. அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் வேலை செய்தார். இப்போது மாதிரி ரசாயனம் ஏறாத காலம். ஆவாரம்பட்டையை இடித்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீர்த் தொட்டியில் தோலை முக்கி முக்கி எடுப்பார்கள். அப்பாவின் கை இரண்டும் முழங்கை வரைக்கும் டீ நிறத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கைச் சட்டை போட்டால்தான் கோயிலில் மற்றவர்கள் மாதிரி தெரிவார். சாறு இறங்கிப்போன பட்டையைக் கூலிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து காயப்போட்டு எரிப்பார்கள். எங்கள் தெருவில் எல்லா அடுப்பிலும் அந்தப் பட்டைதான். அந்தப் புகைக்கு ஒரு கசப்பு உண்டு. பொரியலில்கூட அது ஒட்டிக்கொள்ளும். நமக்கு அது வாசனை; வெளியூர்க்காரர்களுக்கு நாற்றம்.

அப்பா குடித்தார். மலையடிவாரத்திலிருந்து லாரி டியூபில் கட்டி ஒரு சரக்கு வரும். ஆற்றோரம் வைத்து ஊற்றுவார்கள். ஒரு பங்குனி மாதம் திடீரென்று அதை விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று வீட்டில் சொல்லவில்லை. விட்டதையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்.

"வுட்டுட்டேன்னு இன்னிக்கு சொல்வேன். நாளைக்கு வுழுந்தா நாலு பேரு சிரிப்பான். வாய மூடிக்கினு இருங்க" என்று அம்மாவுக்கும் எனக்கும் உத்தரவு.

பகல் முழுக்க அவருக்கு ஒன்றும் இல்லை. ஆறு மணிதான் எமன். வேலை விட்டு வந்து, கை கால் கழுவி உட்காருவார். விரல் ஆட ஆரம்பிக்கும். எழுந்து குழாயடி வரைக்கும் போவார், திரும்புவார். சட்டையைப் போடுவார், கழற்றுவார். அம்மா மோர் கொடுத்துப் பார்த்தாள். டீ கொடுத்துப் பார்த்தாள். சுக்குக் கஷாயம் வைத்தாள். "என்ன வியாதிக்காரன்னு நெனச்சியா?" என்று டம்ளரைத் தள்ளிவிட்டார். கடைசியில் ஒரு நாள் அவரே சொன்னார்:

"எனக்கு வயிறு கேக்கல. தல கேக்கல. தொண்டதான் கேக்குது. எரியணும். எரிஞ்சா அடங்கிடும் போல இருக்கு."

மறுநாள் அம்மா மார்க்கெட்டுக்குப் போய், கொத்திலிருந்து உதிர்ந்து கூடையின் அடியில் கிடந்த திராட்சையை மலிவாக அள்ளிக்கொண்டு வந்தாள். அதன் பெயரே உதிரி. நல்ல கறுப்பு, தொட்டால் தோல் வழுக்கும் பழம்.

அவள் அதைச் செய்த விதத்தைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் மூன்று கழுவல். அலுமினியக் குண்டானில் போட்டுக் கையாலேயே பிசைவாள். பழம் மூழ்கும் அளவு தண்ணீர். தோலின் கறுப்பெல்லாம் தண்ணீருக்கு வந்து, தோல் வெளுத்துப்போகிற வரைக்கும் கொதி. பிறகு பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மறுபடியும் அடுப்பில் ஏற்றி, மண்டை வெல்லம் உடைத்துப் போடுவாள். தட்டின இஞ்சி, நாலு லவங்கம், பத்து மிளகு, ஒரு சிட்டிகை உப்பு. கடைசியில்தான் மிளகாய். காய்ந்த குண்டு மிளகாய் இரண்டைத் தணலில் காட்டி, அது உப்பி வரும்போது காம்பில் நூல் கட்டிக் குண்டானுக்குள் தொங்கவிடுவாள். நூலின் இன்னொரு முனை குண்டானின் காதில் சுற்றியிருக்கும். மிளகாய் உடையக் கூடாது, இரண்டையும் முழுசாக வெளியே எடுத்துவிட வேண்டும். இறக்கி, தண்ணீர்த் தொட்டியில் குண்டானை வைத்துச் சூடு தணித்து, எலுமிச்சம்பழம் ஒன்று பிழிவாள்.

மிளகாய் எத்தனை நேரம் தொங்க வேண்டும் என்பதற்குக் கணக்கே இல்லை. அப்பா தெருமுனையில் திரும்பும்போது அம்மா ஜன்னல் கம்பி வழியாக அவர் நடையைப் பார்ப்பாள். நிமிர்ந்து நடந்தால் நூல் உடனே வெளியே வந்துவிடும். தலை தொங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் கிடக்கும். டேனரியில் திட்டு வாங்கின நாள் என்றால், அந்த மிளகாய் வெளுத்துப்போகிற வரைக்கும் கிடக்கும். அப்பா ஒரே மூச்சில் குடிப்பார். நெற்றியில் வேர்வை பூக்கும், கண் சிவந்து தண்ணீர் கொட்டும், மூக்கை உறிஞ்சுவார். இரண்டாவது டம்ளரை மெதுவாகக் குடிப்பார். ஏழு மணிக்கு விரல் ஆடாது. தட்டில் சோறு போடு என்பார்.

மிச்சம் இருந்தால் எனக்கும் எதிர்வீட்டுக் காலாவுக்கும். உருது பேசுகிற அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பெரியம்மா முறைக்காரியைக் காலா என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருடைய கணவர் தோல் வியாபாரத்துக்கு வெளியூர் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். காலா பேச்சுத்துணைக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். முதல் வாய் குடித்துவிட்டு, "யா அல்லா! நாக்குல தேன், நெஞ்சுல தீக்குச்சி!" என்றார். இத்தனை வருஷத்தில் அதைவிட நன்றாக அந்தச் சுவையைச் சொன்னவர்கள் இல்லை.

அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. அன்றைக்குக் காய்ச்சியது அன்றைக்கே தீர வேண்டும். ஒரு சொட்டு மிஞ்சினாலும் முருங்கை மரத்தடியில் கொட்டிவிடுவாள். "பழச்சாறு ராத்திரி தங்குனா அதுக்கு வேற புத்தி வந்துடும்" என்பாள். எனக்கு அது புரியவில்லை. புரிந்ததாகத் தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

இப்போது அவள் செய்த தப்பைச் சொல்கிறேன். அப்பாவின் உத்தரவுக்குப் பயந்து, இத்தனையையும் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். குண்டானுக்குத் தட்டு போட்டு மூடி, தட்டின் மேல் கல்லும் வைத்தாள். ஆவி வெளியே போனால் வாசனையும் வெளியே போகும் என்று.

தெருவில் இருப்பவர்கள் பார்த்தது என்ன? தினமும் மூடின கதவு. கூடை கூடையாக அழுகப்போகிற திராட்சை. வெல்லம். வாசல் சுவரோரம் குவியலாக ஆவாரம்பட்டை. ஆறரை மணிக்கு வெளியே வந்து, சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிற ஒரு பழைய குடிகாரர். நம் பக்கத்தில் சாராயம் காய்ச்சுகிறவன் என்ன வாங்குவான்? மரப்பட்டை, வெல்லம், கெட்டுப்போன பழம். பட்டை எல்லா வீட்டு வாசலிலும் உண்டு; வெல்லமும் பழமும் அதோடு சேர்ந்தால்தான் சந்தேகம். நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்தக் கணக்கு தெரியும். ஆனாலும் ஜனங்கள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்கள். வெளியே வரச் செய்தது நான்தான்.

அப்பா விட்டதற்கு மறு வருஷம், பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின வாரம். பெரிய வெள்ளியன்று கோயிலில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரைக்கும் ஆராதனை. பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் வளாகத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். பாசிப்பருப்பும் தேங்காயும் போட்ட கஞ்சி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தூக்கு எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருவார்கள். வருஷா வருஷம் அந்தக் கஞ்சியைக் கிளறுகிற பெண்களில் அம்மா ஒருத்தி. விடிந்ததும் போனால், பாத்திரம் கழுவி முடித்து வீட்டுக்கு வர இருட்டிவிடும்.

எனக்கு ஒரே யோசனை. அன்றைக்கு ஆறு மணிக்கு அப்பாவுக்கு யார் காய்ச்சிக் கொடுப்பார்கள்?

சனிக்கிழமை மிஞ்சினதை மரத்தடியில் கொட்டச் சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தாள். நான் கொட்டவில்லை. ஆஸ்பத்திரியில் இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்த பழுப்பு பாட்டில் ஒன்று இருந்தது. அதில் ஊற்றி, தக்கையைக் கல்லால் அடித்து இறுக்கி, வாசல் பட்டைக் குவியலுக்குள் ஆழமாகப் புதைத்து வைத்தேன். அந்த வெயிலில் கறுத்த பட்டைக்குள் கை விட்டால் கோழி அடைகாக்கிற சூடு இருக்கும். பத்திரமான இடம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி வீட்டு அத்தை முறத்தை எடுத்துக்கொண்டு பட்டை வாங்க வந்தார். டேனரியில் அப்பாவுக்கு மேலே இருந்த மேஸ்திரிதான் கோயில் கமிட்டியிலும் இருந்தார். அவருடைய மனைவி இவர். குவியலில் கையை விட்டு இரண்டு தரம் அள்ளினார். மூன்றாவது தரம், டப்!

தக்கை அவர் காதோரம் பறந்தது. ஊதா நிற நுரை பீய்ச்சி அடித்து, ரவிக்கை, முகம், முறம் எல்லாம் தெறித்தது. அத்தை "ஐயோ இயேசுவே!" என்று பின்பக்கமாக விழுந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் வாசனை வந்தது. புளித்த, மூக்கைக் குத்துகிற வாசனை. ஆற்றோரம் போனவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வாசனை. அத்தை பாட்டிலைக் கையில் எடுத்தார், முகர்ந்தார், என்னைப் பார்த்தார். பாட்டிலை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவர் போனார். முறத்தை விட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அப்பா அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். சட்டையைக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"தொட்டிக்கிட்ட எல்லார் முன்னாடியும் மேஸ்திரி கேட்டான். 'வூட்ல சரக்கு காச்சறியாமே'ன்னு. அந்த குண்டான எறக்கலன்னா பண்டிக முடிஞ்சு திங்கக்கெழம வேலைக்கு வராதேன்னுட்டான். உன்னயும் நாளைக்கு கஞ்சி அடுப்புக்கிட்ட வர வேணாம்னு சொல்லச் சொன்னான்."

அம்மா கையில் வெல்லம் உடைக்கிற கல் இருந்தது. "நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? வுட்டுடு. பேஜார் வேணாம். இன்னியோட வுட்டுடு."

"நான் வுட்டுடறேன். ஆறு மணி வுடுமா உன்ன?"

அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. ஆறு அடித்தது. அப்பா விரலைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். சிறிது நேரம் கழித்து எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்க?"

"சும்மா. காத்தாட."

அம்மா போய் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள். "காத்து இங்கயே வருது. உக்காரு."

உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதிர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். என்னால் தாங்க முடியவில்லை. பாட்டில் விஷயத்தை அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். யாருக்காக வைத்தேன் என்பதையும் சொன்னேன். அடி விழும் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. இத்தனை நாள் சாத்தி வைத்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்கு பாட்டில் தக்க. எனக்கு கதவு. ரெண்டு பேரும் மூடித்தானேடி வெச்சோம்" என்றாள். பிறகு அப்பாவிடம், "நாளைக்கு புள்ளைய இட்டுக்கினு கோயிலுக்குப் போ. நான் வரல" என்றாள்.

"பெரிய வெள்ளிக்கெழம கோயிலுக்கு வராம இன்னா பண்ணப்போற?"

"எனக்கு வேல இருக்கு."

வெள்ளிக்கிழமை அந்த மூன்று மணி நேரமும் எனக்கு என்ன பிரசங்கம் என்று நினைவில்லை. அப்பாவின் வெள்ளைச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி மாமா முன் வரிசையில் இருந்தார். அவர் பின்கழுத்தை மட்டும் பார்த்தேன். மூன்று மணிக்கு எல்லாரும் வெள்ளை உடுப்பும் கையில் கஞ்சித் தூக்குமாகத் தெருவில் இறங்கினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினதும் அந்தக் கசப்புப் புகை வந்தது.

நடுத்தெரு இல்லை, ஆனால் தெருதான். வாசலுக்கு வெளியே மூன்று கல் வைத்து, பட்டையைப் போட்டு எரித்து, மேலே குண்டான். அம்மா பெரிய வெள்ளிக்கு உடுத்துகிற வெள்ளைப் புடவையில் நின்று கிளறிக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்து கரை வரைக்கும் திராட்சைச் சாறு தெறித்திருந்தது. வீட்டுக் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது. கட்டில், துணிக்கொடி, அரிசிப் பானை எல்லாம் தெருவிலிருந்தே தெரிந்தன. எதிர்வீட்டு வாசலில் காலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் தானாக நின்றது. மேஸ்திரி மாமா முன்னால் வந்தார்.

"இன்னாம்மா இது? இன்னிக்குப் போய் தெருவுல அடுப்பு?"

"ஆமாண்ணா. கோயில் அடுப்புல எனக்கு எடம் இல்லன்னு சொல்லி அனுப்பனீங்க. அதான் என் அடுப்ப நானே போட்டுக்கினேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாமாவுக்குக் காது சிவந்தது. "எறக்கச் சொன்னேன். நீ வெளியில கொண்டாந்து வெச்சிருக்கற!"

"எறக்க மாட்டேன். ஒளிக்கவும் மாட்டேன். கிட்ட வந்து பாருங்க. மூடி இல்ல. கதவு தொறந்து கெடக்கு, உள்ள போயி பானையெல்லாம் கவுத்துப் பாருங்க. சாராயத்துக்கு ஊறல் போடறவன் நாள் கணக்கா பொதச்சு வெப்பான். நான் ரெண்டு மணிக்கு பழம் கழுவுனேன். ஆறு மணிக்கு இது தீந்துடும்."

"கண்ண எடுக்காம பாத்துக்கினு இருக்கேன் மேஸ்திரி" என்று காலா எழுந்து வந்தார். "பழம், வெல்லம், இஞ்சி, மொளகா. அவ்ளோதான். தப்பான சாமான்னா என் வாயில படுமா? ஏம்மா, ஒரு டம்ளர் ஊத்து."

அம்மா ஊற்றினாள். ஆனால் கொடுக்கவில்லை. "அக்கா, தாகமா இருந்தா குடிங்க. எனக்கு சாட்சி சொல்றதுக்காவ குடிக்க வேணாம். நான் ஒண்ணும் தப்பு பண்ணல."

"அட போ தங்கச்சி! இந்த வெயில்ல ஒரு மணி நேரமா ஸ்டூல்ல உக்காந்து பொரிஞ்சிக்கினு இருக்கேன். தாகந்தான்!" காலா டம்ளரைப் பிடுங்கிக் குடித்தார்.

மேஸ்திரி மாமா விடவில்லை. "சரி. அப்ப அந்த பாட்டில்? என் வூட்டுக்காரி மூஞ்சி மேல அடிச்சுதே, அது இன்னா? அவ பொய் சொல்றாளா?"

"பொய் இல்ல. அது எங்க வூட்டு பாட்டில்தான்" என்றாள் அம்மா. அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாள் பாருங்கள், அது எனக்கு அடியைவிட வலித்தது.

அப்பாவின் கையை உதறிவிட்டு முன்னால் போனேன். "நாந்தான் மாமா வெச்சேன். கொட்டச் சொன்னாங்க. நான் கொட்டல. இன்னிக்கு அம்மா கஞ்சி காச்சப் போயிடுவாங்கன்னு, அப்பாவுக்கு எடுத்து வெச்சேன்."

"அப்பாவுக்கு எதுக்கு?"

வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்பது அப்பாவின் உத்தரவு. நான் அப்பாவைப் பார்த்தேன். தெருவே அப்பாவைப் பார்த்தது. அவர் நடந்து வந்து அடுப்பின் பக்கத்தில், அம்மாவுக்கு இடப்பக்கம் நின்றார். டீ நிறக் கையால் டம்ளரை எடுத்துக் குண்டானில் முக்கி எடுத்தார். கொதிக்கிறதை ஊதக்கூட இல்லை.

"எதுக்குன்னு நான் சொல்றேன் மேஸ்திரி. நான் குடிகாரன். ஊருக்கே தெரியும். ஒரு வருஷமா குடிக்கல. அது ஊருக்குத் தெரியாது. ஆறு மணியானா தொண்ட எரியணும்னு கேக்கும். இவ மொளகாயப் போட்டு எரிய வெக்கிறா. அதான் இது."

"ஒரு வருஷமாவா?"

"போன பங்குனிலேர்ந்து." அப்பா ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. மிளகாயால் என்று நினைத்தேன். "உங்க தம்பி செத்தாரே, அன்னிலேர்ந்து. அன்னிக்கு ஒரே டியூப்ல ஊத்தன சரக்குதான் ரெண்டு பேரும் குடிச்சோம். நான் அரை டம்ளரோட எழுந்து வந்துட்டேன். அவரு உக்காந்துட்டாரு."

மேஸ்திரி மாமாவின் தம்பி விஷச் சாராயம் குடித்துக் கண் இரண்டும் போய், ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்தது எல்லாருக்கும் தெரியும். கூட யார் இருந்தார்கள் என்பதுதான் தெரியாது. மாமா ஒரு வருஷமாக அதை விசாரித்துக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எங்கள் குண்டான்மேல் அவருக்கு ஏன் அத்தனை வெறி என்பதும் எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அன்றைக்கு அவரை நான் கெட்டவர் என்றே நினைத்தேன்.

"எழுந்து வரும்போது" என்று மாமா கேட்டார். குரல் மேஸ்திரியின் குரலாக இல்லை. "அவன் இன்னா சொன்னான்?"

"'இருடா, இன்னும் கொஞ்சம் இருடா'ன்னாரு. நான் இருக்கல. அவரயும் இழுத்துக்கினு வந்திருக்கணும். வரல." அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "வேல குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். குண்டான மட்டும் எறக்கச் சொல்லாதீங்க. அது எறங்கனா நான் எங்க போவேன்னு எனக்குத் தெரியும்."

மாமா திரும்பி நடந்தார். வீட்டுக்குப் போகிற பக்கம் இல்லை, கோயில் பக்கம். கஞ்சித் தூக்கை எங்கள் வாசலில் எப்போது கீழே வைத்தாரோ, அதை எடுக்கவே இல்லை.

ஐந்து மணிக்கு அம்மா அந்தக் கஞ்சியை எங்கள் பாத்திரத்தில் மாற்றி, பித்தளைத் தூக்கைப் புளி போட்டு விளக்கினாள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் நம் யாரிடமும் கிடையாதே. கழுத்து வரைக்கும் திராட்சையை ஊற்றி, அவர்கள் விட்டுப்போன முறத்தையும் கொடுத்து, என்னிடம் தந்து அனுப்பினாள்.

"குடிக்கலன்னா?" என்று கேட்டேன்.

"குடிக்கறது அவங்க பாடு. வெறும் தூக்கு நம்ம வூட்டுலேர்ந்து போவாது."

மேஸ்திரி வீட்டு அத்தை கதவைத் திறந்து இரண்டையும் வாங்கிக்கொண்டார். குடித்தார்களா, கொட்டினார்களா, எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. திங்கட்கிழமை அப்பா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். டேனரி வாசலில் மேஸ்திரி மாமா வழக்கம் போலப் பெயர் கூப்பிட்டாராம். அப்பாவின் பெயரையும் கூப்பிட்டாராம். நிமிர்ந்து பார்க்காமல் கூப்பிட்டார் என்று அப்பா சொன்னார்.

அடுத்த வருஷம் கஞ்சி கிளற அம்மாவை அழைத்தார்கள். "அந்த நேரத்துக்கு எனக்கு வேற அடுப்பு இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பெரிய வெள்ளி மூன்று மணிக்கு எங்கள் வாசலில் மூன்று கல் அடுப்பு எரியும். கோயிலிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் தூக்கோடு நிற்பார்கள், பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். இரண்டு கூட்டத்தையும் அவள் ஒரே மாதிரிதான் பார்த்தாள். அந்த வெள்ளைப் புடவையின் கறையை அவள் போக்கவே இல்லை. "வெளுக்கப் போட்டா போயிடும்டி, போட மாட்டேன்" என்பாள்.

அதற்குப் பிறகு அப்பா குடிக்கவே இல்லை என்று எழுதினால் பொய். இரண்டு தடவை விழுந்தார். இரண்டு தடவையும் தெருவுக்குத் தெரிந்தது. இரண்டு தடவையும் மறுநாளே அம்மா வாசலில் அடுப்பைப் பற்றவைத்தாள். திராட்சை முடிந்தால் மாம்பழம், அதுவும் முடிந்தால் நாவல், பிறகு கொய்யா, எதுவுமே கிடைக்காத மழை நாளில் வெறும் புளியும் வெல்லமும். மிளகாய் மட்டும் மாறவில்லை. அப்பா எழுபத்தொரு வயசு வரைக்கும் இருந்தார். அந்தக் குண்டான் அடி தேய்ந்து ஓட்டை விழுந்து, பாத்திரக்காரனிடம் எடைக்குப் போயிற்று. இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. கொடுத்தது நான்தான்.

இப்போது உங்களுக்கு வருகிறேன்.

என் மகன் விட்டு நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. அவன் குடித்தபோது என்ன செய்தான் என்பது உங்களில் யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் கிடந்தவனை உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போது யாரும் என்னிடம், கதவைச் சாத்திக்கொண்டு பண்ணக் கூடாதா என்று கேட்கவில்லை. கேஸ் அடுப்பை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்த முதல் நாள், அவனிடம்தான் கேட்டேன். தெரு பார்க்கும், உனக்குப் பரவாயில்லையா என்று.

"தெருவுல வுழுந்து கெடந்ததத்தான் எல்லாம் பாத்தாங்களேம்மா. எழுந்து உக்காந்து குடிக்கறதயும் பாக்கட்டும்" என்றான்.

அவனுக்கு இல்லாத கேவலம் எனக்கு எங்கிருந்து வரும்? உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

இன்றைக்கும் வைத்திருக்கிறேன். உதிரி மூன்று கிலோ, மண்டை வெல்லம், இஞ்சி. தட்டு போட்டு மூடவில்லை, ஈ வந்தால் ஓட்டுகிறேன். உங்களுக்கும் டம்ளர் இருக்கிறது, வந்தால் குடிக்கலாம். மணி ஆறடிக்கப் போகிறது. இதோ, ஷிப்ட் முடிந்து அவன் தெருமுனையில் திரும்புகிறான். தலை கொஞ்சம் தொங்கித்தான் இருக்கிறது. நூலை நான் இன்னும் எடுக்கவில்லை.